மோர்கோன் குன்றின் இயற்கை ஒயின்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிரான்சில் லியோன் நகருக்கு வடக்கே, மாகோன் வரை ஏறக்குறைய 55 கிலோமீட்டர் நீளத்துக்குக் குன்றும் சரிவுமாகக் கிடக்கும் பகுதி பொஜொலே. அங்கே வில்லியே-மோர்கோன் என்ற ஊரில் லாப்பியேர் குடும்பம் தங்கள் தோட்டத்துத் திராட்சையில் தாங்களே ஒயின் செய்து, தங்கள் பெயரிலேயே பாட்டிலில் அடைக்கிறது. 'இயற்கை ஒயின்' என்று இன்று உலகம் முழுக்கப் பேசப்படுவதற்கு இந்தக் குடும்பமும் அக்கம்பக்கத்து வீடுகள் சிலவும் முக்கியக் காரணம். இந்த ஒயின்கள் மேல் எனக்குப் பல வருடப் பிரியம். நண்பர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்த பதில்களை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

எல்லா ஒயினும் திராட்சையில் செய்வதுதானே? இதில் 'இயற்கை ஒயின்' என்று தனியாக என்ன?

பனையேறிகளுக்கு இதை விளக்கவே வேண்டாம். கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவிக் கட்டினால் இறங்குவது பதநீர். தடவாமல் கட்டினால் கள். கள்ளுக்காக யாரும் கடையில் ஈஸ்ட் வாங்குவதில்லை. பாளையிலும் கலயத்திலும் இருக்கிற நுண்ணுயிர்களே அந்த வேலையைச் செய்துவிடுகின்றன. இட்லி மாவு பொங்குவதும் அப்படித்தான். திராட்சைத் தோலிலும் ஒயின் கூடத்திலும் அதே மாதிரி காட்டு ஈஸ்டுகள் இருக்கின்றன. பழத்தைச் சேகரித்துத் தொட்டியில் போட்டால் தானாகவே நொதிக்கத் தொடங்கும்.

கடைகளில் கிடைக்கும் பெரும்பாலான ஒயின் இந்த வழியில் வருவதில்லை. முதலில் கந்தக டை ஆக்சைடு சேர்த்துக் காட்டு ஈஸ்டுகளை அடக்குவார்கள். பிறகு பாக்கெட்டில் வரும் ஈஸ்ட், அதற்குத் தீனி, நிறத்தை இழுக்க நொதிகள், தேவைப்பட்டால் சர்க்கரை, தேவைப்பட்டால் டார்டாரிக் அமிலம், கடைசியில் வடிகட்டல். இவையெல்லாம் சட்டப்படி அனுமதிக்கப்பட்டவை. இதைச் செய்பவர்களை ஏமாற்றுக்காரர்கள் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் இயற்கை ஒயின் செய்பவர்கள் இந்தப் பட்டியலை ஒதுக்கிவிடுகிறார்கள். ரசாயனம் படாத திராட்சை, கையால் அறுவடை, காட்டு ஈஸ்ட், வேறு சேர்க்கை ஏதும் இல்லை. கடைசியில் ஒரு துளி கந்தகம் சேர்க்கலாம், சேர்க்காமலும் விடலாம். அவ்வளவுதான் அதன் இலக்கணம்.

அப்படியென்றால் எதுவும் செய்யாமல் சும்மா விட்டுவிடுவதா?

இதுதான் நான் அதிகம் கேட்கும் தவறான எண்ணம். எதையும் சேர்க்கக் கூடாது என்று முடிவெடுத்த அன்றே வேலை இரண்டு மடங்காகிறது. அழுகிய பழம் ஒன்று தொட்டிக்குள் போனால் பின்னால் திருத்த மருந்து கிடையாது. அதனால் அறுவடையின்போது கொத்து கொத்தாகப் பொறுக்க வேண்டும். தொட்டி, குழாய், பீப்பாய் எல்லாம் சுத்தமாக இருக்க வேண்டும். பழம் சூடாக வந்தால் குளிர வைக்க வேண்டும். நொதிக்கும் நாட்களில் தினமும் சுவைக்க வேண்டும். கந்தகம் செய்யும் காவல் வேலையை இங்கே மனிதர்கள் செய்கிறார்கள்.

இது எப்படித் தொடங்கியது?

ஜூல் ஷொவே என்ற மனிதரிடமிருந்து. 1907-ல் பிறந்து 1989-ல் இறந்தவர். பொஜொலேயின் வடகோடியில் லா ஷாப்பெல்-து-கன்ஷே என்ற ஊரில் ஒயின் வியாபாரம் செய்தார், வேதியியலும் படித்தார். ஈஸ்டுகள், அமிலங்கள், முழுக்கொத்து நொதித்தல் ஆகியவற்றை வாழ்நாள் முழுக்க ஆராய்ந்தார். மூக்கும் நாவும் அபாரக் கூர்மை. ஆரோக்கியமான பழமும் குளிர்ச்சியும் சுத்தமும் இருந்தால் கந்தகம் இல்லாமலே நல்ல ஒயின் செய்யலாம் என்று காட்டினார். ரசாயன உரமும் களைக்கொல்லியும் மண்ணில் கொட்டியபடி இருந்தால் பழத்தின் மேல் இருக்கும் ஈஸ்டுகளும் பலவீனமாகும் என்பது அவர் வாதம்.

இயற்கை ஒயின் என்றதும் பலருக்கு ஏதோ பழமைக்குத் திரும்பும் ஆசை என்று தோன்றுகிறது. தொடங்கி வைத்தவர் ஓர் ஆய்வாளர் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

மார்செல் லாப்பியேர் 1973-ல் தன் தகப்பனாரிடமிருந்து தோட்டத்தை ஏற்றார். மற்றவர்கள் போலவே சில வருடங்கள் செய்து பார்த்தார். தான் செய்த ஒயின் தனக்கே பிடிக்காமல் போன நிலையில்தான் 1981-ல் ஷொவேயைச் சந்தித்தார். ஷொவேயின் மாணவரான ஜாக் நேயோபோர் இருவருக்கும் பாலமாக இருந்தார். அப்புறம் மார்செலோடு ஜான் ஃபோயார், கீ ப்ரெத்தோன், ஜான்-போல் தெவனே ஆகிய மோர்கோன்காரர்களும் அதே வழியில் இறங்கினார்கள். அமெரிக்காவில் இவர்களுடைய ஒயினை இறக்குமதி செய்த கெர்மிட் லிஞ்ச் இவர்களுக்கு 'நால்வர் கும்பல்' என்று பெயர் வைத்தார். அது அப்படியே நிலைத்துவிட்டது. மார்செல் 2010 அக்டோபரில் காலமானார். இப்போது மகன் மத்தியூவும் மகள் கமீயும் தோட்டத்தை நடத்துகிறார்கள்.

டெர்வார் என்ற சொல்லை எல்லோரும் சொல்கிறார்கள். அது என்ன?

மதுரை மல்லிக்கு ஏன் தனி மணம் என்று கேட்டால் நாம் என்ன சொல்வோம்? அந்த மண், அந்த வெயில், அந்தத் தண்ணீர், அங்கே பூப்பறிக்கும் ஆட்களின் பழக்கம் என்று நான்கைந்தைச் சேர்த்துச் சொல்வோம். அந்த மொத்தத்துக்குப் பிரெஞ்சுக்காரர்கள் வைத்திருக்கும் பெயர்தான் டெர்வார். 'மண்வாகு' என்று சொல்லலாம். ஆனால் அதில் மனிதர்களும் சேர்த்தி என்பதை மறக்கக் கூடாது.

பொஜொலே இதற்கு ஒரு நல்ல பாடம். அங்கே பயிராவது ஏறக்குறைய எல்லாமே காமே என்ற ஒரே கருந்திராட்சை. வகை மாறாததால் மண் மாறும்போது என்ன நடக்கிறது என்று நேராகப் பார்க்கலாம். வடக்கில் பத்து இடங்களுக்குத் தங்கள் பெயரிலேயே ஒயின் விற்கும் உரிமை உண்டு. ஃப்ளெரியில் இளஞ்சிவப்புக் கருங்கல் பொடிந்த மணல். ஒயினில் பூமணம் தூக்கலாக இருக்கும், வாயில் கனமில்லாமல் மெல்லியதாக இருக்கும். முலான்-ஆ-வானில் மாங்கனீசு கலந்த மண். ஒயின் இறுக்கமானது, பல வருடம் தாங்கும். தெற்கே போனால் சுண்ணாம்பும் களிமண்ணும், ஊர் வீடுகளெல்லாம் மஞ்சள் கல். ஒயின் எளிமையானது, சீக்கிரம் குடித்துவிட வேண்டியது.

மோர்கோனில் கோத் து பி என்றொரு குன்று இருக்கிறது. உயரம் ஏறக்குறைய 350 மீட்டர்தான். அங்கே நீலம் பாய்ந்த பழைய பாறை கையால் உதிர்க்கும் அளவுக்கு மக்கிப் போயிருக்கிறது. ஊர்க்காரர்கள் அதை 'அழுகிய பாறை' என்றே சொல்வார்கள். அந்தச் சரிவிலிருந்து வரும் ஒயின் இளமையில் செர்ரிப் பழமாக இருந்து, நாலைந்து வருடத்தில் ஆழமாகி, வடக்கே பக்கத்துப் பகுதியான பர்கண்டியின் ஒயின் மாதிரி ஆகிவிடும். இந்த மாற்றத்துக்கென்றே அங்கே ஒரு வினைச்சொல் உண்டு: ஒயின் 'மோர்கோனுகிறது' என்பார்கள். ஊர்ப்பெயர் வினைச்சொல்லாகும் அளவுக்கு அந்த மண் பேசுகிறது.

ஒன்றை மட்டும் தெளிவாக்க வேண்டும். பாறையின் தாதுக்கள் வேர்வழியே ஏறி அப்படியே கோப்பைக்கு வந்து நாக்கில் படுகின்றன என்று சிலர் சொல்வது சரியில்லை. கல்லை யாரும் சுவைப்பதில்லை. மண் எவ்வளவு தண்ணீரைப் பிடித்து வைக்கிறது, எவ்வளவு சீக்கிரம் வடிய விடுகிறது, வெயிலை எப்படி வாங்கிக்கொள்கிறது, வேர் எவ்வளவு ஆழம் போக விடுகிறது, கொடியைக் கொழுக்க வைக்கிறதா மெலிய வைக்கிறதா, இவைதான் பழத்தின் அளவையும் தோலையும் புளிப்பையும் தீர்மானிக்கின்றன.

அதற்கும் இயற்கை முறைக்கும் என்ன சம்பந்தம்?

என்னைப் பொறுத்தவரை எல்லாமே இந்தக் கேள்வியில்தான் இருக்கிறது. ஒரே பாக்கெட் ஈஸ்டைப் பத்து ஊர்ப் பழத்திலும் போட்டால் பத்து ஒயினிலும் அந்த ஈஸ்டின் வாசனை முன்னால் வந்து நிற்கும். புதிய ஓக் பீப்பாயில் ஊற வைத்தால் வனிலாவும் மரமும் வரும். புளிப்பையும் இனிப்பையும் சரிசெய்தால் அந்த வருடத்தின் மழையும் வெயிலும் அழிந்துபோகும். ஃப்ளெரிக்கும் மோர்கோனுக்கும் நடுவே சில கிலோமீட்டர்தான். அந்தச் சின்ன வித்தியாசம் கேட்க வேண்டுமென்றால் மற்ற சத்தங்கள் அடங்க வேண்டும்.

அதற்காக, இயற்கை முறையில் செய்தாலே மண் பேசிவிடும் என்றும் இல்லை. கெட்டுப்போன இயற்கை ஒயின்கள் எந்த ஊரிலிருந்து வந்தாலும் ஒரே மாதிரிதான் நாறும்.

காமே மட்டமான திராட்சை என்று படித்தேனே?

அந்தப் பேச்சுக்கு வயது 600 வருடத்துக்கு மேல். 1395-ல் பர்கண்டிக் கோமகன் துணிகர ஃபிலிப் தன் நாட்டில் காமே கொடிகளைப் பிடுங்கிப் போடச் சொல்லி ஆணையிட்டார். அதைக் கெட்ட கொடி, நேர்மையற்ற கொடி என்றே ஆணையில் எழுதினார். காமே அதிகமாகக் காய்க்கும், சீக்கிரம் பழுக்கும். அதனால் விவசாயிகள் விரும்பினார்கள். பர்கண்டியின் சுண்ணாம்பு மண்ணில் அதன் ஒயின் சுமார்தான் என்பது உண்மை. தெற்கே பொஜொலேயின் கருங்கல் மண்ணில் அதே கொடி வேறு ஆளாகிவிட்டது. டெர்வார் என்றால் என்ன என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியாது.

ஒயின் எப்படிச் செய்கிறார்கள்? படிப்படியாகச் சொல்லுங்களேன்.

முதலில் கொடியைப் பாருங்கள். கம்பம் பள்ளத்தாக்கில் நாம் பார்க்கும் பந்தல் அங்கே இல்லை. பழைய தோட்டங்களில் கம்பிகூடக் கிடையாது. ஒவ்வொரு கொடியையும் இடுப்புக்குக் கீழே நிற்கும் குத்துச்செடியாகக் கவாத்து செய்வார்கள். கோப்பை மாதிரி நான்கைந்து கைகள் மேல்நோக்கி விரிந்திருக்கும். நெருக்கமாக நட்ட தோட்டத்தில் ஒரு ஹெக்டேருக்கு 10,000 கொடிகள் வரை இருக்கும். அறுபது எழுபது வருடக் கொடிகள் அங்கே சாதாரணம்.

பெரும்பாலும் செப்டம்பரில் அறுவடை. 2003 வெப்ப அலையில் ஆகஸ்டிலேயே தொடங்கிவிட்டார்கள். கொத்தைக் கையால் வெட்ட வேண்டும், பழம் நசுங்காமல் கூடம் வந்து சேர வேண்டும். காரணம், இங்கே காம்பை நீக்குவதில்லை, பழத்தைப் பிழிந்து போடுவதும் இல்லை. முழுக்கொத்தாகவே தொட்டிக்குள் இறக்குகிறார்கள். லாப்பியேர் வீட்டில் அதற்கு முன் பழத்தைக் குளிர வைப்பார்கள்.

தொட்டிக்குள் நடப்பதுதான் அழகு. அடியில் இருக்கும் கொத்துகள் மேலே உள்ள கனத்தில் நசுங்கிச் சாறு விடும். அந்தச் சாறு காட்டு ஈஸ்டுகளால் நொதித்து கார்பன் டை ஆக்சைடை வெளியிடும். அந்த வாயு தொட்டியை நிரப்பிக் காற்றை வெளியே தள்ளிவிடும். இப்போது மேலே முழுசாக இருக்கும் பழங்களுக்கு ஆக்சிஜன் இல்லை. ஈஸ்ட் உள்ளே நுழையாமலே, பழத்தின் சொந்த நொதிகள் தோலுக்குள்ளேயே சர்க்கரையை உடைக்கத் தொடங்கும். 2 சதவீதம் வரை ஆல்கஹால் அப்படியே உருவாகும். பச்சை ஆப்பிள் புளிப்புத் தரும் மாலிக் அமிலம் குறையும். துவர்ப்பு அதிகம் இறங்காமல் பழவாசனை மட்டும் துல்லியமாக வரும். இந்த ஒயின் வாயில் இவ்வளவு லேசாக இருப்பதற்கு இதுதான் காரணம்.

இரண்டு மூன்று வாரம் கழித்துப் பிழிவார்கள். அப்போது செக்கிலிருந்து ஒழுகும், பாதி நொதித்த, இன்னும் இனிப்பாக இருக்கும் சாற்றுக்கு 'பாரடி' என்று பெயர். சொர்க்கம் என்று அர்த்தம். அறுவடை ஆட்களும் வீட்டாரும் அதை அங்கேயே பிடித்துக் குடிப்பார்கள். அது பாட்டிலுக்கு வராது. அந்த நேரத்தில் அங்கே இருப்பவர்களுக்கு மட்டும்தான்.

பிறகு மிச்சச் சர்க்கரை முடியும் வரை நொதித்து, பழைய மரப்பீப்பாயில் நுண்வண்டலோடு சுமார் ஒன்பது மாதம் ஓய்வெடுக்கும். பொஜொலேப் பீப்பாயின் அளவு 216 லிட்டர். கணக்குப் போட்டால் 288 பாட்டில். பல தடவை பயன்பட்ட பீப்பாய் என்பதால் மரவாசனை ஏறாது. இயற்கை முறையில் கடைசி வடிகட்டலும் இல்லை.

கந்தகம் சேர்ப்பது அவ்வளவு கெடுதலா?

இல்லை. ஒயின் காற்றுப் பட்டுக் கருகாமலும் பாக்டீரியா புகுந்து காடியாகாமலும் காக்கும் நல்ல காவல்காரன் அது. கேள்வி, எவ்வளவு, எப்போது என்பதுதான். ஐரோப்பிய விதிப்படி சிவப்பு ஒயினில் சாதாரணமாக லிட்டருக்கு 150 மில்லிகிராம் வரை அனுமதி. இயற்கை வேளாண் சான்று பெற்ற சிவப்பு ஒயினில் 100. இயற்கை ஒயினில் 30-க்குள் நிற்க வேண்டும். தொடக்கத்திலேயே போட்டால் காட்டு ஈஸ்டுகள் அடங்கிவிடும். ஷொவே வழியில் வந்தவர்கள் அதைத்தான் தவிர்க்கிறார்கள். பாட்டிலில் அடைக்கும்போது சேர்க்கும் சிறு துளியை அவர்களிலும் பலர் ஏற்றுக்கொள்கிறார்கள்.

மார்செல் இதில் பிடிவாதக்காரர் இல்லை. அவருடைய மோர்கோன் இரண்டு விதமாக வந்தது. பாட்டிலின் பின்பக்க லேபிளில் 'என்' (N) என்ற சிறு எழுத்து இருந்தால் எதுவும் சேர்க்காதது; 'எஸ்' (S) என்றிருந்தால் கொஞ்சம் கந்தகம் சேர்த்தது. தூரம் பயணம் போகும் பாட்டிலுக்கு 'எஸ்' பாதுகாப்பு. எனக்கு இந்த அணுகுமுறை மிகவும் பிடிக்கும். கொள்கைக்காகக் குடிப்பவரின் ஒயினைக் கெடுக்கக் கூடாது.

நொதிக்கும்போது ஈஸ்டே கொஞ்சம் கந்தக டை ஆக்சைடை உண்டாக்கும். லிட்டருக்கு 10 மில்லிகிராமைத் தாண்டினால் 'சல்ஃபைட் உள்ளது' என்று அச்சிட வேண்டும் என்பது விதி. அதனால் எதுவும் சேர்க்காத பாட்டிலிலும் அந்த வரி இருக்கலாம். பார்த்துச் சந்தேகப்பட வேண்டாம்.

இயற்கை ஒயின் குடித்தால் தலைவலி வராதாமே?

அப்படிச் சொல்லி விற்பவர்களை நம்பாதீர்கள். தலைவலிக்குக் கந்தகம்தான் காரணம் என்பதற்கு உறுதியான ஆதாரம் இல்லை. உலர் ஆப்ரிகாட் பழத்தில் கிலோவுக்கு 2000 மில்லிகிராம் வரை கந்தக டை ஆக்சைடு இருக்க ஐரோப்பிய விதி இடம் தருகிறது. அதைத் தின்று தலை வலிக்கிறது என்று யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. ஆஸ்துமா உள்ள சிலருக்கு மட்டும் கந்தகம் ஒத்துக்கொள்ளாது. அவர்கள் கவனமாக இருக்க வேண்டும். மற்றபடி ஆல்கஹால் ஆல்கஹால்தான். அது புற்றுநோய்க் காரணிகளின் முதல் பிரிவில் இருக்கிறது. இயற்கை முறை அதை மாற்றாது. உடம்புக்கு நல்லது என்று எந்த ஒயினையும் நான் பரிந்துரைக்க மாட்டேன்.

நான் சைவம். ஒயின் சைவம்தானே?

எல்லா ஒயினும் இல்லை. தெளிய வைப்பதற்காக முட்டை வெள்ளைக்கரு, பால் புரதம், ஜெலட்டின், மீனின் காற்றுப்பையிலிருந்து எடுக்கும் பசை ஆகியவற்றைப் பயன்படுத்துவது பழைய வழக்கம். இயற்கை ஒயினில் சேர்க்கை எதுவும் இல்லை என்பதால் இவையும் இல்லை. கொஞ்சம் கலங்கலாக இருந்தால் அதற்கு இதுவும் ஒரு காரணம்.

பாட்டிலைப் பார்த்து எப்படிக் கண்டுபிடிப்பது?

வெகுநாள் 'இயற்கை ஒயின்' என்பதற்குச் சட்ட விளக்கமே இருக்கவில்லை. 2020-ல்தான் பிரான்சில் 'வின் மெத்தோத் நாத்துயூர்' (இயற்கை முறை ஒயின்) என்ற சான்றுக்கு அரசின் ஒப்புதல் கிடைத்தது. அதற்கு இரண்டு முத்திரைகள். ஒன்று, கந்தகமே சேர்க்காதது. மற்றொன்று, 30 மில்லிகிராமுக்குள். எல்லா நல்ல தயாரிப்பாளர்களும் அதை வாங்குவதில்லை. அதனால் முத்திரை இல்லை என்றாலே போலி என்று நினைக்க வேண்டாம்.

2023 டிசம்பர் 8-க்குப் பிறகு தயாராகும் ஐரோப்பிய ஒயின்களில் உட்பொருள் பட்டியல் தர வேண்டும். பாட்டிலில் உள்ள குறியீட்டைக் கைபேசியில் காட்டினால் வந்துவிடும். அதில் 'திராட்சை' என்று மட்டும் இருந்தால் நீங்கள் தேடியது கிடைத்துவிட்டது.

சில பாட்டில்களில் ஊர்ப்பெயர் இல்லாமல் வெறுமனே 'வின் து ஃப்ரான்ஸ்' (பிரான்ஸ் ஒயின்) என்றிருக்கும். அது மட்டம் என்று அர்த்தமில்லை. மோர்கோன் என்ற பெயருக்கு 1936-லிருந்து புவிசார் உரிமை உண்டு. அந்தப் பெயரைப் போட ஒயின் அந்த ஊர் மாதிரி இருக்கிறதா என்று ஒரு குழு சுவைத்துப் பார்க்கும். 'வழக்கமாக இல்லை' என்று திருப்பிவிட்டால், ஊர்ப்பெயரை விட்டுவிட்டு விற்பதுதான் வழி. அந்த மண்ணை அதிகமாக மதிப்பவர்களே மண்ணின் பெயரை இழக்க நேர்வது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

மாட்டுக்கொம்பில் சாணத்தைப் புதைப்பார்களாமே, அதுவா இது?

அது பயோடைனமிக் வேளாண்மை. ருடால்ஃப் ஸ்டைனர் என்ற ஆஸ்திரியச் சிந்தனையாளர் 1924-ல் ஆற்றிய உரைகளிலிருந்து வந்தது. நம்மூர் இயற்கை விவசாயிகளுக்கும் 'கொம்பு சாண உரம்' தெரிந்த பெயர்தான். பிரான்சில் பல சிறந்த தோட்டங்கள் இதைப் பின்பற்றுகின்றன. ஆனால் இயற்கை ஒயினுக்கு இது கட்டாயம் இல்லை. நிலவையும் நட்சத்திரத்தையும் பார்த்துத் தோட்ட வேலை செய்யச் சொல்லும் பகுதியில் எனக்கு நம்பிக்கை வரவில்லை. ஆனால் அதைப் பின்பற்றுபவர்கள் தோட்டத்துக்குள் அதிக நேரம் நடக்கிறார்கள், நோயை முதலில் பார்க்கிறார்கள். அது ஒயினில் தெரிகிறது.

லாப்பியேர் தோட்டம் இயற்கை வேளாண் சான்று பெற்றது. களைக்கொல்லி இல்லை. உழுதும் கொத்தியும்தான் களை எடுக்க வேண்டும். அடிச்சாம்பல் நோய்க்கு நம் விவசாயிகளும் அடிக்கும் அதே போர்டோ கலவைதான். அதிலுள்ள தாமிரம் மண்ணில் தங்கிவிடும். அதனால் 7 வருடத்தில் ஹெக்டேருக்கு 28 கிலோவுக்கு மேல் போகக் கூடாது என்று ஐரோப்பாவில் வரம்பு உண்டு. இயற்கை விவசாயத்தின் தீராத சிக்கல் இது. மழை அதிகமான வருடத்தில் அந்த வரம்புக்குள் நிற்பது மிகக் கஷ்டம்.

குடும்பத் தோட்டம் என்பதில் அப்படி என்ன விசேஷம்?

மேலே சொன்ன வேலைகளைக் கணக்கிட்டுப் பாருங்கள். எந்தச் சரிவில் எந்த மூலை முதலில் பழுக்கும், எந்தத் தொட்டி போன வருடம் தகராறு செய்தது என்பதெல்லாம் ஒரே ஆட்களின் நினைவில் தொடர்ந்து இருக்க வேண்டும். கொஞ்ச நிலம் வைத்திருக்கும் வீட்டாரால்தான் இது முடியும்.

பொஜொலேயில் முன்பு நில உடைமையாளருக்கும் பயிரிடுபவருக்கும் விளைச்சலில் பாதிப் பாதி என்ற வழக்கம் பரவலாக இருந்தது. நம்மூர் வாரச் சாகுபடி மாதிரி. ஒயினைப் பெரும்பாலும் வியாபாரிகளே மொத்தமாக வாங்கிக் கலந்து விற்றார்கள். பயிரிட்டவன் பெயர் பாட்டிலில் வராது. தன் பெயரைப் போட்டு விற்கத் தொடங்கியபோதுதான் தன் சரிவின் சுவையைக் காப்பாற்றுவதற்கு விவசாயிக்கு ஒரு காரணம் கிடைத்தது.

நவம்பரில் வரும் 'பொஜொலே நூவோ'வும் இதுவும் ஒன்றா?

அதே பகுதி, அதே திராட்சை. ஆனால் அது அறுவடையான சில வாரங்களில், நவம்பர் மாத மூன்றாம் வியாழக்கிழமை விற்பனைக்கு வருகிற இளம் ஒயின். 1951-லிருந்து முறையான அனுமதி, 1985-லிருந்து இந்த வியாழக்கிழமை. உலகம் முழுக்கப் பெரிய திருவிழாவாகி, ஊருக்குப் பணம் கொண்டுவந்தது. கூடவே அவசரமும் வந்தது. அந்தக் காலத்தில் 71பி என்ற பாக்கெட் ஈஸ்ட் பெரிதாகப் பரவி, ஒயினில் வாழைப்பழ வாசனை வீசத் தொடங்கியது. பொஜொலே என்றாலே வாழைப்பழம் என்று பெயராகிவிட்டது. ஷொவேயும் மார்செலும் எதிர்த்து நின்றது இதைத்தான். நூவோவிலும் நன்றாகச் செய்பவர்கள் உண்டு. நல்ல கையிலிருந்து வந்தால் மகிழ்ச்சியாகக் குடிக்கலாம்.

ஒரு பாட்டிலில் மாட்டுத்தொழுவ வாடை அடித்தது. அதுதான் இயற்கையா?

இல்லை, அது குறை. ப்ரெட்டனோமைசிஸ் என்ற ஈஸ்ட் பெருகினால் அந்த வாடை வரும். காடி வாடை வந்தால் பாக்டீரியா வேலை. இன்னொன்று, எலி வாடை. முகர்ந்தால் தெரியாது, விழுங்கிய பிறகு வாய்க்குள் எழும். ஒயினின் புளிப்பில் அது அடங்கியிருக்கும், எச்சிலில் கலந்ததும்தான் வெளிப்படும். சிலருக்குத் தெரியவே தெரியாது. 'இயற்கை என்றால் இப்படித்தான்' என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். ஷொவே இதையெல்லாம் சகித்திருக்க மாட்டார்.

லேசான கலங்கலும் அடியில் வண்டலும் குறை இல்லை. திறந்ததும் நாக்கில் குறுகுறுக்கும் மெல்லிய வாயுவும் குறை இல்லை; காவலுக்காக விட்டு வைத்தது அது. பாத்திரத்தில் ஊற்றிச் சற்று நேரம் வைத்தால் போய்விடும்.

ஏன் இவ்வளவு விலை?

ஹெக்டேருக்கு 10,000 கொடி, 4,000 லிட்டர் ஒயின் என்று வைத்துக்கொண்டால் ஒரு கொடிக்கு ஏறக்குறைய அரை பாட்டில்தான். அந்தக் கொடியைக் கையால் கவாத்து செய்து, சுற்றிக் கொத்தி, கையால் அறுக்க வேண்டும். அத்தனைக்கும் பிறகு ஓர் ஆலங்கட்டி மழை போதும். 2016-லும் 2017-லும் ஃப்ளெரிப் பக்கம் அப்படித்தான் அடித்து நொறுக்கியது. 2021 ஏப்ரலில் உறைபனி பிரான்ஸ் முழுக்கத் துளிர்களைக் கருக்கியது.

கம்பத்துத் திராட்சையில் இதைச் செய்ய முடியுமா?

அதே ஒயினைச் செய்ய முடியாது. கம்பம் பன்னீர் திராட்சைக்கும் பிரான்சுக்கும் ஒரு பழைய தொடர்பு உண்டு. 1832-ல் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் அதைக் கொண்டுவந்தார் என்று சொல்வார்கள். 2023-ல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. ஆனால் அங்கே குளிர்காலத் தூக்கம் இல்லை, வருடம் முழுக்க ஏதாவதொரு தோட்டத்தில் பழம் இருக்கும். பழம் அருமையான பழம்; அதன் மண்வாகு வேறு. மோர்கோனை அங்கே தேடக் கூடாது.

எந்தச் சாப்பாட்டோடு நன்றாக இருக்கும்?

லியோன் சாப்பாட்டுக் கடைகளில் இதை அடிகனமான 46 சென்டிலிட்டர் பாட்டிலில் கொண்டுவந்து வைப்பார்கள்; கூடவே பன்றி இறைச்சி வகைகள். நம் சமையலில் மிளகுக் கோழி, ஆட்டுக்கறிச் சுக்கா, கத்திரிக்காய் வதக்கல் இவற்றோடு நன்றாகச் சேரும். துவர்ப்பு அதிகமான ஒயின் மிளகாய்க் காரத்தை இன்னும் எரிய வைக்கும். காமேயில் துவர்ப்பு குறைவு. 13, 14 டிகிரிக்குக் குளிர வைத்துக் கொடுங்கள். சிவப்பு ஒயினை அறைச் சூட்டில் குடிக்க வேண்டும் என்ற பேச்சு நம் ஊர் அறைகளுக்குப் பொருந்தாது.

வாங்கிய பாட்டிலை எப்படி வைத்திருப்பது?

14 டிகிரிக்குக் கீழே, இருட்டில். கந்தகம் சேர்க்காத ஒயினுக்கு வெப்பம்தான் முதல் எதிரி. உள்ளே இன்னும் உயிர் இருக்கிறது. சூடு கிடைத்தால் மீண்டும் நொதிக்கும். ஒருமுறை மே மாதப் பகலில் ஒரு பாட்டிலைக் காரிலேயே விட்டுவிட்டேன். மாலையில் பார்த்தால் தக்கை மேலே ஏறியிருந்தது. குடித்ததும் அந்த எலி வாடை. அதன்பின் பிரான்சிலிருந்து யாராவது வாங்கி வந்தால் வீட்டுக்கு வந்ததும் நேராகக் குளிர்சாதனப் பெட்டிதான். தக்கை போட்ட பாட்டிலைப் படுக்க வைப்பது நல்லது.

திறந்த பாட்டிலை மூடிக் குளிரில் வைத்தால் இரண்டு மூன்று நாள் தாங்கும். முதல் நாளைவிட இரண்டாம் நாள் இன்னும் நன்றாக இருக்கும் மோர்கோன்களும் உண்டு. அதனால் பாதியை மறுநாளைக்கு எடுத்து வையுங்கள். அடுத்த நாள் அதே கோப்பையில் ஊற்றி, முந்தைய நாள் இல்லாத எந்த மணம் வந்திருக்கிறது என்று பாருங்கள்.